எது அவருடையது, எது மிஷினுடையது

“...இது அவரோடது. இது உங்க மிஷினோடது. இதோ வரிசையா இருக்கே, இந்த மூணும் அவரோடது தம்பி, இதைத் தொடாதீங்க. தாடைக்குக் கீழ இருக்குது பாருங்க, இது இன்னான்னே எனக்குத் தெரியல. உங்களோடதுதான், எடுத்துடுங்க” என்று தேவகி அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய சுட்டுவிரல் என் கம்ப்யூட்டர் திரைமேல் ஊர்ந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்துத் திரை. பின்பக்கம் பூசணிக்காய் போலப் புடைத்திருக்கும், கையைக் கொண்டுபோனால் மயிர் சிலிர்க்கும். விரல் போன வழியெல்லாம் கண்ணாடியில் ஈரத்தடம் விழுந்தது. வேறு யாராவது அப்படித் தொட்டிருந்தால் அடுத்த நொடி துணியை எடுத்திருப்பேன். அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரை முழுவதும் ஒரு கன்னம். இறந்துபோன ஏழுமலையின் இடது கன்னம். தேவகி அக்காவின் கணவர் அவர். தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர்.

உட்காருங்கள் என்று நாற்காலியை இரண்டு தடவை இழுத்துப் போட்டும் அக்கா உட்காரவில்லை. குனிந்து, கண்ணைச் சுருக்கி, அரிசியில் கல் பொறுக்குகிறவர்போல அந்தக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லைக் கலந்து வைத்தவன் நான்.

ரவை

ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பழைய ஃபிலிம் ஸ்கேனர் ஒன்று என் கைக்கு வந்த கதையைப் போன வாரம் சொன்னேன். கூடவே ஒரு கையேடும் வந்தது. முழுக்க பிரெஞ்சு. எனக்கு பிரெஞ்சில் ‘போன்ழூர்’ தெரியும், ‘மெர்சி’ தெரியும். அந்த இரண்டும் கையேட்டில் எங்கேயும் வரவில்லை. ஆகவே தட்டித் தடவி நானே கற்றுக்கொண்டேன். உழவர்கரையில் ஒரு தையல் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் எட்டடிக்கு எட்டடி இடம். கண்ணாடிக் கதவில் ‘நெகட்டிவ் இருந்தால் போதும்’ என்று எழுதி ஒட்டினேன்.

எழுதியது எளிது. நெகட்டிவுக்குள் படம் இருப்பது பொடிப்பொடித் துகள்களாக. ஃபோட்டோ லேபில் காகிதத்தில் போட்டால் அவை ஒன்றோடொன்று இழைந்து முகமாகிவிடும். ஸ்கேனர் இழையவிடாது. ஒவ்வொரு துகளையும் தனித்தனியாக இழுத்து வெளிச்சத்தில் நிறுத்தும். வெளிச்சம் போதாமல் எடுத்த நெகட்டிவ் என்றால் கேட்கவே வேண்டாம். இருக்கிற துகள் போதாதென்று இல்லாததையும் சேர்த்துக் காட்டும்.

இதற்கு ‘கிரெய்ன்’ என்று பெயர் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. கடைக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. கண்டதைச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். என்னிடம் இருக்கிற ஒரே சொத்து.

மீன் விற்கிற ஒரு அம்மாள், தன் மகளின் மஞ்சள் நீராட்டில் எடுத்த படத்தைத் திரையில் பார்த்துவிட்டு, “இன்னாப்பா, எங்க மூஞ்சிக்கெல்லாம் உப்பைத் தடவி வெயில்ல காயப் போட்டுட்டியா?” என்று கேட்டார். ஒரு வாத்தியார் தன் கல்யாணப் படத்தைப் பார்த்து, உப்புமா கிண்ட ரவை ரெடி என்றார். நடுவயதுக்காரர் ஒருவர் திரையருகே குனிந்து பார்த்துவிட்டு, “அப்பா போயி பத்து வருஷம்தான் ஆவுது. அதுக்குள்ள இப்படிப் பொடிஞ்சுட்டாரா?” என்று கேட்டார். டைரியில் எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான்.

ரவைக்கு மருந்து இருந்தது. படத்தைத் திருத்துகிற சாஃப்ட்வேரில் ஒரு சின்னக் குமிழ். அதை வலது பக்கம் நகர்த்த நகர்த்த ரவை கரையும். இன்னும் நகர்த்தினால் தோல் மெழுகாகும். நாற்பது வயதுக்காரர் இருபத்தைந்துக்குப் போய்விடுவார். முதல் தடவை அதைச் செய்து காட்டியபோது அந்த மீன்கார அம்மாள் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தார். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

செத்தவருக்கு அலங்காரம்

இறந்தவர் படம் என்றால் எங்கள் ஊரில் யாருமே ‘இருக்கிறபடி கொடு’ என்று கேட்பதில்லை. வாழ்நாள் முழுக்க லுங்கியும் பனியனுமாக இருந்தவருக்குக் கோட்டு மாட்டச் சொல்வார்கள். நரையைக் கருப்பாக்கச் சொல்வார்கள். சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாத புருஷன் பெண்டாட்டியை அக்கம்பக்கத்தில் உட்கார வைத்துத் தரச் சொல்வார்கள். கருவடிக்குப்பத்திலிருந்து வந்த இரண்டு பெண்கள், “அப்பாவைக் கொஞ்சம் சிரிக்க வைக்க முடியுமாண்ணே? ஒரு தடவையாவது பாத்துக்குறோம்” என்றார்கள். சிரிக்க வைத்தேன். உதட்டின் இரண்டு ஓரத்தையும் மேலே இழுத்து வைத்தேன். பார்த்ததும் அழுதுவிட்டார்கள். சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

இதையெல்லாம் தப்பு என்று சொல்ல வரவில்லை. கேட்டவர்கள் துக்கத்தில் கேட்டார்கள். செய்தவனுக்கு என்ன துக்கம்? எனக்குக் கை அரித்தது, செய்தேன். ஏழுமலை விஷயத்திலும் அந்த அரிப்புதான்.

நாலாம் நாள்

ஏழுமலைக்கு மாரடைப்பு. கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்த நாலாம் நாள், அவருடைய அண்ணன் தனகோட்டி கடைக்கு வந்தார். பின்னால் தேவகி அக்கா. பதினாறாம் நாள் காரியத்துக்குப் படத்திறப்பு வைக்க வேண்டும், பெரிய படமாக வேண்டும் என்றார் தனகோட்டி.

அக்கா ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறையை நீட்டினார். உள்ளே நாலு படம் கொண்ட நெகட்டிவ் துண்டு. பட்டறையில் ஆயுத பூஜை அன்று கூட வேலை செய்தவர் யாரோ எடுத்தது. அதில் ஒன்றில், லேத்துக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, பக்கத்தில் ஏழுமலை நிற்கிறார். உள்ளே இருட்டு, ஃபிளாஷ் சரியாக அடிக்கவில்லை. நெகட்டிவ் வெளிறிக் கிடந்தது.

வேறு படமே இல்லையா என்று கேட்டேன். கல்யாணப் படம் ஒன்று இருக்கிறது, அது வேண்டாம் என்றார் அக்கா. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் அதற்கப்புறம் சொன்னது ஒன்றே ஒன்று.

“அப்படியே இருந்தா போதும் தம்பி.”

இதை மரியாதைக்குச் சொல்கிற பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். விருந்துக்குப் போன இடத்தில் இலையில் கையை வைத்து மறைத்துக்கொண்டு ‘போதும் போதும்’ என்போமே, அந்தப் போதும். தனகோட்டியும், “அது அப்பிடித்தான் சொல்லும். நீங்க நல்லா பண்ணுங்க, நாலு பேரு வந்து பாக்கறது” என்றார்.

ஸ்கேன் செய்தேன். முகத்தைப் பெரிதாக்கியதும் திரையில் ரவை மூட்டை கொட்டியது. அத்தனை மோசமாக நான் பார்த்ததில்லை. கன்னம், மூக்கு, நெற்றி எங்கும் புள்ளியும் பள்ளமும். அக்கா கதவோரம் தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். தனகோட்டி மட்டும் என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார்.

“இந்தப் புள்ளியெல்லாம் எடுத்துட முடியுமா?” என்று கேட்டார். எடுத்துவிடலாம், இது ஃபிலிம் பண்ணுகிற கோளாறு என்றேன்.

“எல்லாத்தையுமா?”

அந்த மனிதர் அதைக் கேட்ட குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. என் திறமையைச் சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன். ஒன்றுகூட மிச்சம் இருக்காது, பாருங்கள் என்று சொல்லி அவர் கண்ணெதிரிலேயே குமிழைக் கடைசிவரைக்கும் நகர்த்தினேன். தனகோட்டி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, “போதும்” என்றார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஏழுமலைக்குச் சின்ன வயதில் பெரியம்மை போட்டிருந்தது என்பதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு மனிதனின் முகத்தில் பாதியை ஃபிலிம் கோளாறு என்று முடிவு செய்து வழித்துப் போட்டேன்.

கதவில் ஒட்டிய படம்

படத்திறப்புக்குப் போயிருந்தேன். ஏழுமலை மாலைக்குள் இருந்து வழவழவென்று பார்த்துக்கொண்டிருந்தார். ராஜா மாதிரி இருக்கிறார் என்றார்கள். யார் பண்ணியது என்று விசாரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. தேவகி அக்கா கும்பிட்டுவிட்டு, தட்டில் கற்பூரம் அணைகிறவரை தலையை நிமிர்த்தவே இல்லை.

மறுநாள் நான் செய்த காரியத்தை எழுதுவதற்கே கை கூசுகிறது. அந்த முகத்தை இரண்டாகப் பிரிண்ட் போட்டேன். ரவை ரவையாக வந்ததற்குக் கீழே ‘முன்’ என்று எழுதினேன். மெழுகிய முகத்துக்குக் கீழே ‘பின்’. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கடைக் கதவில் ஒட்டினேன், விளம்பரத்துக்கு. அந்தக் குடும்பத்தில் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அதைப் பார்த்துவிட்டுப் பலர் வந்தார்கள்.

அக்காவும் வந்தார். சில மாதம் கழித்து, மழை ஓய்ந்த சமயம். கதவுக்கு வெளியே ஓர் உருவம் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து, நானே எழுந்துபோய்த் திறந்தேன்.

விளம்பரத்துக்காகச் சண்டை போட வந்திருக்கிறார் என்றுதான் பயந்தேன். அதை இப்போதே கிழித்துவிடுகிறேன் அக்கா என்று நானாக ஆரம்பித்தேன். அவர் பதறி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கிழிச்சுடாதீங்க. அந்த ‘முன்’னு போட்டிருக்கீங்களே, அதைக் குடுங்க எனக்கு. அதைப் பாக்கத்தான் காய் வாங்கப் போறப்பல்லாம் இந்தத் தெரு வழியா வரேன்.”

அது கெட்டுப்போன படம் அக்கா, முழுக்க ரவை என்றேன். அப்போதும் வாத்தியார்த்தனம் போகவில்லை எனக்கு.

“இருக்கட்டும். அதுல பாதி அவரு.”

பிறகு நின்றபடியே சொன்னார். கல்யாணப் படத்தில் ஸ்டுடியோக்காரர் நெகட்டிவிலேயே பென்சிலால் தீற்றி அம்மைத் தழும்பை மறைத்துவிட்டாராம். அதைப் பார்த்து ஏழுமலை, எனக்குப் பதிலா இந்த ஆளைக் கட்டிக்கிட்டியா என்று கேலி செய்வாராம். அப்புறம் வாழ்நாளில் கேமரா பக்கமே முகத்தைக் காட்டவில்லை. அந்த ஆயுத பூஜை அன்று மட்டும்தான் சிக்கினார். அதன் பிரிண்டும் ஒரு மழையில் கண்ணாடியோடு ஒட்டிப் போனது. அக்காவிடம் அவருடைய உண்மையான முகம் என்று இருந்தது அந்த நெகட்டிவ் ஒன்றுதான். அதைத்தான் நாலாம் நாள் என் கையில் கொடுத்து, அப்படியே இருந்தால் போதும் என்றிருக்கிறார்.

மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. நெகட்டிவை மறுபடி கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மிளகாய்த்தூள் டப்பா

பாதி அவர் என்றால் மீதிப் பாதி எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. கையேட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பின்வீட்டு சொல்தா ஐயாவிடம் போனேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். ஒரு வருடமாக அவர் வீட்டுக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஒருவரிடம் போய் எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். நடுவில் ஒரு இடத்தில், “அலோர்...” என்று பிரெஞ்சிலேயே இழுத்து நிறுத்தினார். விளிம்புகளைக் கூராக்குகிற விசை ஒன்று இந்த மிஷினில் தானாகவே போட்டபடி இருக்கும். வெளிறிய நெகட்டிவை வைக்கும்போது அதை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் துகள்களை அது பல மடங்கு பெரிதாக்கிவிடும். இவ்வளவுதான் விஷயம். ஒரே ஒரு வரி.

“ஒரு வருஷமா மிளகாய்த்தூள் டப்பாவை மூட மறந்துட்டு சமைச்சிருக்க. அப்புறம் காரம் தெரியாம இருக்க சர்க்கரை கொட்டியிருக்க. நல்ல ஆளுய்யா” என்றார்.

அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. அதுவரை நான் திருத்திக் கொடுத்த படங்களின் சி.டி.க்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். எல்லோரும் ஒரே மாதிரி மின்னினார்கள். யாருக்குத் தழும்பு இருந்தது, யாருக்கு மரு இருந்தது, யார் முகத்தில் தீக்காயம் இருந்தது, எனக்கு எப்படித் தெரியும்? அவர்களில் யாரும் திரும்பி வரவில்லை. அந்த முகங்கள் யார் யார் வீட்டிலோ இன்றும் மாலையோடு தொங்கிக்கொண்டிருக்கின்றன. இதை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது. மீன்கார அம்மாள் திருஷ்டி முறித்த கதையை இப்போதெல்லாம் நான் யாரிடமும் சொல்வதில்லை.

விரல் போன வழி

அக்கா நெகட்டிவோடு வந்தார். கையில் ஒரு பெரிய துணிப்பையும் இருந்தது. உள்ளே என்ன என்று கேட்கவில்லை.

விசையை அணைத்துவிட்டு ஸ்கேன் செய்தேன். ரவையில் பெரும்பாலானது போய்விட்டது. போனதும் அடியில் இருந்து ஏழுமலை எழுந்து வந்தார். ஆனாலும் நெகட்டிவ் மோசம்; பொடி மிச்சம் இருந்தது. எது தழும்பு, எது பொடி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திரையை அக்கா பக்கம் திருப்பி வைத்தேன்.

இனி நான் ஆரம்பத்தில் சொன்ன இடம். இது அவருடையது, இது மிஷினுடையது. அவர் மிஷினுடையது என்று காட்டிய இடத்தில் மட்டும் பிரஷ்ஷால் லேசாகத் தடவினேன்.

“இந்த மூணு குழிலயும் ஷேவிங் நுரை நின்னுடும். அவருக்குத் தெரியாது. நான்தான் துடைச்சு விடுவேன்” என்றார். காதோரம் ஓர் இடத்தைக் காட்டி, இங்கே மட்டும் தாடி முளைக்காது என்றார். மூக்கு நுனியில் ஒரு புள்ளி. சத்தியமாக அது பொடிதான் என்றேன். இல்லை, அவருடையது என்றார். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை. விட்டுவிட்டேன்.

முற்பகல் முழுதும் ஆனது. பிரிண்டரில் இருந்து தாள் வந்ததும் அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஈரம் காய்கிறவரை ஊதினார். பிறகு துணிப்பையில் இருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தார். படத்திறப்புக்கு வைத்த அதே ஃபிரேம் போட்ட படம். காய்ந்த மாலையின் நார் ஓரத்தில் ஒட்டியிருந்தது.

“கண்ணாடிக்குள்ள எறும்பு பூந்துடுச்சுன்னு பொய் சொல்லி எடுத்தாந்தேன். இந்தப் படத்தை உள்ள வெச்சுக் குடுங்க.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பின்பலகையின் ஆணிகளைக் குறடால் பிடுங்கி, வழவழப்பான ஏழுமலையை வெளியே எடுத்துக் கிழிக்கப் போனேன். அக்கா தடுத்தார்.

“அது அங்கயே முன்னால இருக்கட்டும். இது அதுக்குப் பின்னால.”

ஏன் அக்கா என்றேன். அவர் பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அம்மை மொதல்ல வந்தது அவரு அண்ணனுக்குத்தான், எங்க மூத்தாருக்கு. ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்திருக்காங்க. அவருக்கு ஒரு வடு இல்லாம எறங்கிடுச்சு. தம்பியைப் பாக்கும்போதெல்லாம் என்னாலதானேன்னு சொல்லுவாரு. இப்பதான் நிமிர்ந்து பாக்குறாரு. தெனம் அவருதான் வந்து வெளக்கேத்துறாரு அந்தப் படத்துக்கு.”

“எல்லாத்தையுமா?” என்று தனகோட்டி கேட்ட குரல் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

புதுப் படத்தை எடுத்தேன். எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று கேட்டேன். பலகையைப் பார்த்து வைக்கச் சொன்னார். அப்படி வைத்தால் முகம் சுவரைத்தானே பார்க்கும், யாருக்கும் தெரியாதே என்றேன்.

“அந்தச் சுவத்துக்கு அந்தாண்டதான் நான் படுக்கறது.”

ஏழுமலையைப் பலகைப் பக்கமாகத் திருப்பி வைத்து, ஆணிகளை அடித்தேன். கடைசி இரண்டு ஆணியைச் சுத்தியலை வாங்கி அக்காவே அடித்தார். ஃபிரேமைப் பையில் போட்டார். நெகட்டிவ் உறையை இடுப்பில் செருகிக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

திரையில் அந்த இடது கன்னம் இன்னும் இருந்தது. அதன்மேல் முழுக்க அவருடைய விரல் தடம். நான் துணியை எடுத்தேன். அவர் வாங்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, காதோரத்தில் ஆரம்பித்து, வரிசையாக இருக்கும் அந்த மூன்று குழிகளிலும் நின்று நின்று, ஒற்றித் துடைத்தார்.